நார்த் கரோலினாவில் பார்க்க வேண்டிய தோட்டங்களும் ஆர்போரேட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரி, மோரிஸ்வில், சார்லட் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறும் என்பதால், கிளம்பும் நாள் காலையில் அந்தந்தத் தோட்டத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆர்போரேட்டம்னா என்னங்க? சாதா பார்க்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

மரங்களையும் புதர்ச்செடிகளையும் பெயர், பிறப்பிடம், நட்ட ஆண்டு எல்லாம் பதிவு செய்து வளர்க்கும் இடம் ஆர்போரேட்டம். பார்க்கில் மரம் நிழலுக்கு நிற்கும். இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் ஆவணம் உண்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மரத்தடியில் பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள், அதே வழக்கம்தான்.

பலகையைப் படிக்கத் தெரிந்துகொண்டால் சுற்றுவதே வேறு அனுபவம். முதலில் இருப்பது தாவரவியல் பெயர். ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பது மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகத்தின் பெயர். மூலையில் பொடியாக ஓர் எண் இருந்தால் அது அந்தச் செடியின் பதிவு எண். பல தோட்டங்களில் அந்த எண்ணிலேயே செடி வந்த ஆண்டும் அடங்கியிருக்கும். பலகையை மட்டும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நர்சரியில் கேட்க வேண்டுமானால் அதுதான் உதவும், பூவின் படம் உதவாது.

ராலே பக்கம் இருக்கோம். முதல்ல எங்க போறது? எவ்வளவு செலவாகும்?

முதலில் டர்ஹமில் உள்ள டியூக் தோட்டம். முழுப்பெயர் சாரா பி. டியூக் கார்டன்ஸ். டியூக் பல்கலைக்கழக வளாகத்துக்குள் 55 ஏக்கர், நடக்கச் சுமார் 5 மைல் பாதை. நுழைவு இலவசம், வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் கட்டணம். முகப்பைச் சீரமைக்கும் பணி 2024-இல் தொடங்கியது. அதனால் பழைய வழிகாட்டிகளில் சொல்லும் நுழைவாயிலை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்து ராலேயில் பெரில் சாலையில் உள்ள ஜே.சி. ரால்ஸ்டன் ஆர்போரேட்டம். என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்துடையது, நுழைவும் நிறுத்தமும் இலவசம். மூன்றாவது, சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா தாவரவியல் தோட்டம். அதுவும் இலவசம்தான், ஆனால் திங்கள் விடுமுறை. திங்கள்கிழமை பொதுவிடுமுறை வரும் நீண்ட வார இறுதிகளில் இதை மறந்து போய்த் திரும்பி வருபவர்கள் நிறைய. இந்த மூன்றையும் பார்க்காமல் வெளியூர்த் தோட்டத்துக்குப் பணம் கட்டிப் போவது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

ஒரே நாள்ல மூணையும் முடிச்சிடலாமா?

வண்டி ஓட்டும் தூரம் அதிகமில்லை, ஆனால் செய்யாதீர்கள். டியூக் தோட்டத்துக்கே மூன்று மணி நேரம் வேண்டும். டர்ஹமும் சேப்பல் ஹில்லும் பக்கத்துப் பக்கம் என்பதால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு பார்க்கலாம். ரால்ஸ்டனைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சேப்பல் ஹில் போகும்போது பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் கோக்கர் ஆர்போரேட்டத்தையும் எட்டிப் பாருங்கள். 5 ஏக்கர்தான். சதுப்பாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தை 1903-இல் தாவரவியல் பேராசிரியர் வில்லியம் சேம்பர்ஸ் கோக்கர் வாய்க்கால் வெட்டி வடித்துத் தோட்டமாக்கினார். நாட்டுக் கொடிகள் படர்ந்த நீளமான பந்தல் ஒன்று அதன் ஓரமாகப் போகிறது. அதற்கென்று வண்டி நிறுத்தம் கிடையாது, எனவே வார நாளைவிட ஞாயிறு சுலபம்.

எந்த மாசம் போனா பூ நல்லா இருக்கும்?

இந்த மாநிலம் கடலோரம், நடுமேடு, மலை என்று மூன்று தட்டாக இருக்கிறது. ராலே, டர்ஹம், சார்லட் எல்லாம் நடுமேடு. வசந்தம் கடலோரத்தில் தொடங்கி மேற்கே மலையேறும். வில்மிங்டனில் அசேலியா உதிரும் நேரத்தில் ஆஷ்வில் மலையில் மொட்டு விட்டுக்கொண்டிருக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை வித்தியாசம் வரலாம்.

நடுமேட்டில் மார்ச் நடுவிலிருந்து செர்ரி, ரெட்பட், டாஃபடில். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை டியூக் தோட்டத்தின் படிக்கட்டுத் தளங்களில் டூலிப். ஏப்ரல் நடுவில் அதே தளங்களின் உச்சிப் பந்தலில் விஸ்டேரியா ஊதாச் சரமாகத் தொங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை தாமரையும் அல்லியும். இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஆஷ்விலுக்கு அக்டோபர் நடு, ராலேக்கு நவம்பர் முதல் வாரம். தேதியைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் பத்து நாள் முந்திவிடும், பிறகு ஒரே ஓர் உறைபனி இரவு மொட்டையெல்லாம் கருக்கிவிடும்.

குளிர்காலத்துல போறது வேஸ்ட்தானே?

இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் ரால்ஸ்டன் ஆர்போரேட்டத்துக்குத்தான் போக வேண்டும். இலையில்லாத கிளை நுனிகளில் பேப்பர்புஷ் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்து, வாசனை பத்தடிக்கு முன்பே வந்துவிடும். ஜப்பானிய ஏப்ரிகாட் ஜனவரியிலேயே பூக்கும். அதை இந்தப் பகுதித் தோட்டங்களுக்குப் பரிந்துரைத்துப் பரப்பியவர்களில், இந்த ஆர்போரேட்டத்தைத் தொடங்கிய ஜே.சி. ரால்ஸ்டனே முக்கியமானவர். கமேலியா, விட்ச்ஹேசல், ஹெல்லிபோர் எல்லாம் இதே பருவம். கூட்டமும் இருக்காது. மதியம் ஒரு மணிக்குப் போங்கள். வெயில் பட்டால்தான் வாசனை எழும்.

அப்பா அம்மா ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வர்றாங்க. அம்மாவுக்கு முட்டி வலி. எங்க கூட்டிட்டுப் போகலாம்?

ரால்ஸ்டன் ஆர்போரேட்டம் ஏறக்குறைய சமதரை, 10.5 ஏக்கர்தான், வண்டியை விட்டு இறங்கியதும் தோட்டம். சேப்பல் ஹில் தோட்டத்தின் காட்சிப் பகுதியும் சமமாகவே இருக்கும். அதன் காட்டுப் பாதைகளில் மட்டும் ஏற்ற இறக்கமும் வேர்த் தடுக்கலும் உண்டு, அங்கே வேண்டாம்.

டியூக்கில் கவனிக்க வேண்டியது அந்தப் படிக்கட்டுத் தளங்கள். பந்தலிலிருந்து மீன்குளம் வரை கல்படிகள். சுற்றிப் போகும் சரிவுப் பாதை உண்டு. வரைபடத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், பாதி இறங்கிய பிறகு தேட வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்காகச் சில பருவங்களில் சிறு வண்டியில் சுற்றிக்காட்டும் ஏற்பாடும் இருக்கிறது, முன்பதிவு தேவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஊர் வெயில் அளவுக்கு இல்லாவிட்டாலும் புழுக்கம் சென்னையை நினைவுபடுத்தும்.

டியூக் தோட்டத்தைப் பத்தி ஏன் இவ்வளவு பெருமையா பேசறாங்க?

அது ஒருமுறை தோற்றுப்போய் எழுந்த தோட்டம். டியூக் மருத்துவப் பேராசிரியரான டாக்டர் ஃப்ரெடெரிக் ஹேன்ஸுக்கு ஐரிஸ் பூ என்றால் உயிர். அவர் தூண்டுதலில் சாரா டியூக் 20,000 டாலர் கொடுத்தார். 1935-இல் தாழ்வான ஓடைப் பள்ளத்தில் நூறுக்கும் மேற்பட்ட பாத்திகளில் 40,000 ஐரிஸ், 25,000 டாஃபடில் நட்டார்கள். கோடை மழையில் வெள்ளம் புகுந்து கிழங்கெல்லாம் அழுகியது. 1936-இல் சாரா இறந்தார். மகள் மேரி டியூக் பிடில் மேடான இடத்தில் தாயின் நினைவாக மறுபடி தொடங்கினார். எல்லன் பிடில் ஷிப்மன் வடிவமைத்த அந்தத் தளங்கள் 1939-இல் திறக்கப்பட்டன. நாம் இன்று டூலிப் பார்க்கும் தளங்கள் அவைதான். அமெரிக்காவில் பெண்கள் தோட்ட வடிவமைப்புத் தொழிலுக்குள் நுழையவே போராடிய காலத்தில் ஷிப்மன் செய்த தோட்டங்களில் இன்றும் முழுதாக நிற்பவை சொற்பம்.

கோடையில் போனால் வர்ச்சூ பீஸ் குளத்துக்குப் போங்கள். விக்டோரியா அல்லியின் தாம்பாளம் போன்ற இலைகள் அங்கே மிதக்கும். ஓரம் செங்குத்தாக மடிந்து நிற்கும், அடிப்பக்கம் முழுக்க முள். பூ மாலையில் வெள்ளையாக மலரும், மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறக்கும், பிறகு தண்ணீருக்குள் இறங்கிவிடும். வெப்பநாட்டுச் செடியான இதைத் தண்ணீர் நன்றாகச் சூடேறிய பிறகே வெளியே விடுவார்கள், எனவே மே மாதம் தேடினால் கிடைக்காது.

வளைகாப்பு, பட்டமளிப்பு ஃபோட்டோ எடுக்கலாமா? பட்டுப்புடவையில வரலாமா?

சொந்த போனில், சொந்தக் கேமராவில் எடுப்பதற்கு எங்கும் தடையில்லை. கூலிக்குப் புகைப்படக்காரரை அழைத்து வந்தால் பல தோட்டங்கள் முன் அனுமதியும் கட்டணமும் கேட்கும். ட்ரோன் கூடாது. டியூக் பந்தலடியில் விஸ்டேரியா பூத்த வாரத்தில் வரிசை நிற்கும், காலை எட்டரைக்கு வருவது நல்லது. புடவையைவிடச் செருப்பு முக்கியம். ஜல்லிப் பாதையில் குதிகால் உயர்ந்த செருப்பு புதையும்.

பாத்திக்குள் காலை வைக்காதீர்கள், ஒரு படத்துக்குக்கூட வேண்டாம். இந்தப் பகுதி மண் சிவப்புக் களிமண். ஈரமாக இருக்கும்போது ஒரு மிதி மிதித்தாலே இறுகி, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். செடிகளின் உணவு தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருக்கின்றன, அவற்றுக்குக் காற்று போகாது. பத்துப் பேர் நின்ற இடத்தில் அடுத்த ஆண்டு செடி வராது.

ரால்ஸ்டன் ஆர்போரேட்டம் ரொம்பச் சின்னதா இருக்கே. அதுல என்ன விசேஷம்?

ஜே.சி. ரால்ஸ்டன் 1976-இல் அதைத் தொடங்கினார். அன்று இந்த மாநிலத்து வீட்டு வாசல்களில் திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்து செடிகள்தான் நின்றன. அவர் உலகெங்கிலுமிருந்து செடிகளைத் தருவித்து, இந்தக் களிமண்ணும் புழுக்கமும் தாங்குகிறதா என்று நட்டுப் பார்த்தார். தாங்கியவற்றின் கிளைத்துண்டுகளை நர்சரிக்காரர்களுக்கு இலவசமாக அள்ளிக்கொடுத்தார். 1996 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். அதன் பிறகே தோட்டத்துக்கு அவர் பெயர் வந்தது. ஆக அது ஒரு சோதனைக் களம். இன்று கேரியில் வீட்டுக்கு வீடு நிற்கும் செடிகளில் பல அந்தப் பத்து ஏக்கரைக் கடந்து வந்தவை.

ரெட்பட் மரங்களை மட்டுமாவது நின்று பாருங்கள். பலா அடிமரத்தில் காய்ப்பது போல, இது இலை வரும் முன் அடிமரத்திலும் கிளையிலும் நேரடியாகப் பூவை அப்பி வைக்கும். என்.சி. ஸ்டேட் பேராசிரியர் டென்னிஸ் வெர்னர் தொங்கு கிளை கொண்ட 'கோவி' ரகத்தையும் செவ்விலை கொண்ட 'ஃபாரஸ்ட் பேன்சி' ரகத்தையும் கலந்து 'ரூபி ஃபால்ஸ்' உருவாக்கினார். தொங்கும் கிளை, செவ்விலை இரண்டும் ஒரே மரத்தில். ஏப்ரல் கடைசியில் போனால் பூ முடிந்து இலை விரியும் நேரத்தில் அந்த நிறம் தெரியும்.

பசங்க ஈ பிடிக்கிற செடி பாக்கணும்னு அடம் பிடிக்கிறாங்க. எங்க இருக்கு?

சேப்பல் ஹில் தோட்டத்தில் பூச்சியுண்ணும் தாவரங்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது. வீனஸ் ஃப்ளைட்ராப் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது வில்மிங்டனைச் சுற்றிய சிறு வட்டாரத்தில் மட்டும்தான், இரண்டு கரோலினாக்களையும் தாண்டி எங்கும் இல்லை. செடி உள்ளங்கை அளவே இருக்கும். பெரிதாக எதிர்பார்த்து வரும் குழந்தைகள் அதைத் தாண்டி நடந்துவிடுகிறார்கள். குனிந்து தேடச் சொல்லுங்கள்.

பொறியின் ஒவ்வொரு மடலின் உட்புறத்திலும் வழக்கமாக மூன்று மெல்லிய முடிகள். ஒருமுறை தொட்டால் ஒன்றும் நடக்காது. சுமார் இருபது நொடிக்குள் இரண்டாம் முறை பட்டால்தான், கண்ணிமைக்கும் நேரத்தில் மூடும். மழைத்துளிக்கெல்லாம் மூடி ஏமாறாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் கணக்கு அது. அதனால்தான் விரலால் சீண்டக் கூடாது. ஒரு பொறி தன் வாழ்நாளில் சில முறைதான் மூடித் திறக்க முடியும். இரையில்லாமல் மூடிய ஒவ்வொரு முறையும் சக்தி வீண், சில முறைக்குப் பிறகு அந்த மடல் கருகிவிடும்.

ஆஷ்விலுக்கு நாலு மணி நேரம் ஓட்டிட்டுப் போகணுமா? புயல்ல எல்லாம் போச்சுன்னு சொன்னாங்களே?

போகலாம், ஒரு இரவு தங்குவதாக இருந்தால். ராலேயிலிருந்து ஐ-40 சாலையில் சுமார் 250 மைல். நார்த் கரோலினா ஆர்போரேட்டம் 434 ஏக்கர். புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையின் 393-ஆம் மைல்கல் அருகே வழி. ('புளூ ரிட்ஜ்' என்பதும் நம் 'நீலகிரி' என்பதும் ஒரே பொருள்தான். தூரத்து மலை எங்கும் ஒரே நிறம்.) இங்கே ஆளுக்குக் கட்டணமில்லை, வண்டிக்குத்தான். இரண்டு குடும்பம் ஒரே வேனில் போனால் லாபம்.

அங்கே முதலில் போன்சாய் தோட்டம். 1992-இல் வந்த ஒரு நன்கொடைத் தொகுப்பில் தொடங்கியது, 2005-இல் தனித் தோட்டமானது. ஆர்தர் ஜூரா அதை ஜப்பானிய நகலாக விடாமல், ரெட் மேப்பிள், ஹார்ன்பீம் போன்ற இந்த மலை மரங்களையே தட்டில் வளர்த்து வந்தார். மே நடுவிலிருந்து நவம்பர் வரைதான் வெளியே இருக்கும், குளிரில் உள்ளே எடுத்துவிடுவார்கள். ஜனவரியில் போய்விட்டு வெறும் பீடங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் இந்த மலைப்பகுதியைச் சிதைத்தது. ஆர்போரேட்டத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, பென்ட் கிரீக் ஓடையோரப் பாதைகளும் சேதமாயின. நடுத்தோட்டங்கள் பிழைத்துத் திறந்தன. நீண்ட நடைக்குத் திட்டமிட்டால் அன்றன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பாருங்கள். பார்க்வே சாலையின் நிலவரத்தைத் தேசியப் பூங்காத் துறை தனியாக வெளியிடுகிறது, இரண்டையும் பார்க்க வேண்டும்.

பீச்சுக்குப் போற வழியில ஏதாவது தோட்டம் இருக்கா?

வில்மிங்டனில் ஏர்லி கார்டன்ஸ், 67 ஏக்கர், கட்டணம் உண்டு. ரைட்ஸ்வில் கடற்கரைக்குப் போகும் வழிதான். தாடிப்பாசி தொங்கும் ஏர்லி ஓக் மரம் 1545-இல் முளைத்ததாகத் தோட்டத்தார் கணிக்கிறார்கள். அசேலியாவுக்கு ஏப்ரல் முதல் பாதி.

மின்னி எவன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1948 முதல் 1974 வரை அந்தத் தோட்ட வாயிலில் சீட்டு வாங்கும் வேலை பார்த்தார். ஆட்கள் வராத நேரமெல்லாம் கண்ணும் இதழும் கொடியும் பின்னிய ஓவியங்களை வரைந்தார். இன்று அவை பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர் நினைவாக 2004-இல் வண்ணப் புட்டிகளால் கட்டிய சிறு கோயில் ஒன்று தோட்டத்துக்குள் நிற்கிறது. சாயங்கால வெயில் புட்டிகள் வழியாக விழும்போது உள்ளே நின்று பாருங்கள். அசேலியா இல்லாத மாதத்திலும் இதற்காகவே போகலாம்.

அவுட்டர் பேங்க்ஸ் போகிறவர்களுக்கு மான்டியோவில் எலிசபெத்தன் கார்டன்ஸ், பத்து ஏக்கர் அளவு, 1960-இல் திறந்தது, கட்டணம் உண்டு. அதற்காக மட்டும் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டாம்.

மஞ்சள் தூள் மாதிரி எல்லா இடத்திலயும் படியுதே, அந்த நேரத்துல தோட்டம் போனா அலர்ஜி வருமா?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை கார் மேல் படியும் அந்த மஞ்சள், பைன் மகரந்தம். அது பருத்த துகள், பெரும்பாலானோருக்கு அதனால் பெரிய தொல்லையில்லை. அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் ஓக் மகரந்தம்தான் தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம். நல்ல மழை பெய்த மறுநாள் காலை போங்கள்.

மகரந்தத்தைவிட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். பாத்திகளுக்கு நடுவில் நடப்பதில் ஆபத்து குறைவு. சேப்பல் ஹில், ஆஷ்வில் காட்டுப் பாதைகளில் முழுநீளக் கால்சட்டை போட்டு, அதை சாக்ஸுக்குள் செருகி, வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஒவ்வாமையே வந்துவிடுகிறது, இந்த மாநிலத்தில் அது அரிதல்ல. மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஐவி கொடியையும் குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் ஃப்ரீன்னா மெம்பர்ஷிப் எதுக்கு?

மேலே சொன்ன இலவசத் தோட்டங்கள் நடப்பதில் பெரும்பங்கு நன்கொடையால்தான். உங்களுக்கும் லாபம் உண்டு. அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கத்தின் பரஸ்பர அனுமதித் திட்டத்தில் சேர்ந்த ஒரு தோட்டத்தில் உறுப்பினரானால், நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்களில் அனுமதியோ வண்டி நிறுத்தமோ இலவசம், அல்லது சலுகை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. உறுப்பினரான தோட்டமோ உங்கள் வீடோ 90 மைலுக்குள் இருந்தால் சில தோட்டங்கள் சலுகை தராது. அட்டையைக் காட்டும் முன் அந்தத் தோட்டத்தின் பெயருக்கு எதிரே விலக்குக் குறி இருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள்.

தோட்டத்துல வாழை மரம் பாத்தோம்! எங்க வீட்லயும் வைக்கலாமா? காய்க்குமா?

இங்கே குளிரைத் தாங்கி வெளியில் நிற்கும் வாழை பெரும்பாலும் ஜப்பானிய நார்வாழை. பெயரில் ஜப்பான் இருந்தாலும் பூர்வீகம் சீனம். முதல் உறைபனியில் இலை கருகி தண்டு சாயும், கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருந்து மே மாதம் குருத்து விடும். நவம்பரில் தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மேலே ஓரடி உயரத்துக்குச் சருகு குவித்துவிட்டால் போதும். பழத்துக்கு ஆசைப்பட வேண்டாம், காய்த்தாலும் விதைதான்.

எந்த ஊரில் எவ்வளவு குளிர் அடிக்கும் என்று மண்டலம் பிரித்துக் காட்டும் அமெரிக்க வேளாண் துறையின் 2023 வரைபடத்தில் ராலே 8ஏ மண்டலம். அதாவது குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 12 முதல் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ். மல்லிகையும் கறிவேப்பிலையும் இதைத் தாங்காது, தொட்டிதான்.

ஈப்பிடிக்கிற செடியை காட்டுலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வரலாமா? ஊருக்கு அனுப்ப முடியுமா?

கூடவே கூடாது. வீனஸ் ஃப்ளைட்ராப்பைக் காட்டிலிருந்து பிடுங்குவது 2014 டிசம்பர் முதல் நார்த் கரோலினாவில் சிறைத்தண்டனைக்குரிய பெருங்குற்றம். தோட்டங்களிலும் விதை, கிளை, உதிர்ந்த காய் எதையும் எடுக்கக் கூடாது. பார்க்க மட்டும் விரும்பினால் வில்மிங்டன் அருகே கரோலினா பீச் மாநிலப் பூங்காவில் ஃப்ளைட்ராப் பாதை என்றே ஒன்று இருக்கிறது.

வளர்க்க ஆசையென்றால் சேப்பல் ஹில் தோட்டத்தின் செடி விற்பனையில் கேளுங்கள், அங்கே விற்பவை விதையிலும் பதியத்திலும் பெருக்கியவை. குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதிலுள்ள உப்பே கொன்றுவிடும். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், உரமில்லாத பீட் பாசியும் மணலும், நாள் முழுக்க வெயில். குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துக் கதகதப்பில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்காவிட்டால் அடுத்த ஆண்டே நலிந்துவிடும். இந்தியாவுக்குப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் இங்கிருந்து நோயில்லாச் சான்றும் வேண்டும். இது அழிவாபத்துள்ள இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பட்டியலிலும் இருப்பதால், அதற்கான தாள்கள் தனி.